மண் பாதைக்கு பைக்கின் பின்பக்க டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடைக்குப் போனதும் இருப்பதிலேயே பெரிய பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) வைத்த டயரைக் கைகாட்டுவது, மண் பாதைக்குப் புதிதாக வருபவர்களின் வழக்கம். இந்த வழிகாட்டியில் பட்டனைப் பற்றிய பேச்சு ஐந்தாவது படியில்தான் வருகிறது. எந்த மண், தார்ச்சாலையில் எவ்வளவு தூரம், ரிம்மும் ஸ்விங் ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற சட்டம்) எவ்வளவு இடம் தருகின்றன என்பவை முதலில் தெரிய வேண்டும். இந்த வரிசை மாறினால், மாட்டிய பிறகு செயினில் உரசும் டயரோ, முதல் மழையிலேயே சேறு அடைத்துக்கொள்ளும் டயரோதான் கையில் மிஞ்சும்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், கேஎல்எக்ஸ் 230 போன்ற சாலைப் பதிவுள்ள வண்டிகளுக்கும், 105–110 கிலோ எடையுள்ள முழு எண்டியூரோ (காடு, மலை மண் பாதைப் போட்டிக்கான) வண்டிகளுக்கும் இது பொருந்தும். இரண்டுக்கும் கணக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இப்போது வண்டியில் இருக்கும் டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்து முழுவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தையும் பாருங்கள். பின் ரிம்மில் 1.85, 2.15, 2.50 போன்ற எண் இருக்கும். அது அங்குலக் கணக்கு. டயர் அகலத்தின் உச்ச வரம்பை முடிவு செய்வது இந்த எண்தான்.

ஒரு ஸ்கேல், குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் காற்று மீட்டர், கைப் பம்பு மூன்றும் வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம். கார், லாரிக்கு வைத்திருக்கும் அது 12 பிஎஸ்ஐக்கும் 15 பிஎஸ்ஐக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. மண் பாதையிலோ அந்த 3 பிஎஸ்ஐதான் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது.

2. எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள்?

அடிக்கடி ஓட்டும் இடத்துக்குப் போய் பூட்ஸ் குதிகாலை முழு எடையோடு அழுத்திப் பாருங்கள். ஒரு அங்குலம் அல்லது அதற்கு மேல் புதைந்தால் மென்மையான தரை. தடம் மட்டும் பதிந்தால் நடுத்தரம். தடமே விழாவிட்டால் கடினம். டயர் கம்பெனிகள் பட்டியலில் போடும் 'சாஃப்ட், இன்டர்மீடியட், ஹார்டு' என்ற பிரிவு குறிப்பது தரையை, ரப்பரை அல்ல. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 'சாஃப்ட்' டயரைப் பாறைக்கு வாங்கி வருபவர்கள் நிறையப் பேர்.

நம் ஊர் மண்ணில் இது எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல், நனைந்தால் உப்பி ஒட்டும் களிமண். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் நான்கைந்து சுற்றிலேயே மண் அடைத்து, டயர் வழுக்கை டயராகிவிடும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது மண்ணை உதறித் தள்ளும் அளவு அகலமான இடைவெளி தேவை. அதே கரிசல் கோடையில் வெடித்து இறுகிக் கிடக்கும்; அப்போது கேட்பது கடினத் தரை டயர். ஆகவே கரிசல்காட்டில் ஓட்டுபவர் எந்த மாதத்தில் அதிகம் ஓட்டுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டும் பழக்கம் இல்லாதவர் சேற்று டயர் வாங்கத் தேவையில்லை.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலும் ஆற்று மணலும் வேறு கதை. அங்கே பட்டன் மணலை வாரிப் பின்னால் தள்ளித்தான் வண்டி நகர்கிறது. குறுக்குவாட்டில் நீளமான, உயரமான பட்டன் உதவும். ஆனால் மணல் எஞ்சின் சக்தியை உறிஞ்சும். 19–20 குதிரைத்திறன் வண்டியில் கனமான அகல டயரைப் போட்டால் முதல் கியரிலேயே திணறும்.

செம்மண் மேல் சரளை பரவிய பாதைதான் பெரும்பாலானோருக்கு வாய்ப்பது. கீழே இறுகிய தரை, மேலே உருளும் கல். இங்கே நடுத்தர டயர்தான் சரி. பட்டன் சரளையைத் தாண்டிக் கீழே உள்ள தரையைக் கவ்வ வேண்டும், அதே சமயம் வளையவும் கூடாது.

பாறை, மர வேர், பாசி பிடித்த ஓடைக்கல் இருந்தால் உயரமான பட்டன் பலன் தராது. பாறைக்குள் எதுவும் புதையாது. ரப்பர் பரப்பு எவ்வளவு படுகிறது, அது எவ்வளவு மென்மை என்பவை மட்டும்தான் அங்கே கணக்கு.

மலைப் பாதை என்றதும் ஒன்று: காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம். சொந்த நிலம், அனுமதி பெற்ற எஸ்டேட் பாதை, பயிற்சித் தடம் ஆகியவற்றில் எந்த மண் என்று பார்த்தே டயரை முடிவு செய்யுங்கள்.

3. தார்ச்சாலையில் எவ்வளவு தூரம்?

வண்டியை வேனில் ஏற்றிப் போய் மண்ணில் மட்டும் இறக்குகிறீர்களா, வீட்டிலிருந்தே ஓட்டிப் போகிறீர்களா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

உயரமான பட்டன் தார்ச்சாலையில் நெளியும். நெளிந்தால் சூடேறும், சூடேறினால் நடு வரிசை சீக்கிரம் தேயும். மழையில் ஈரமான சிமென்ட் சாலையில் பிரேக் பிடித்தால் பட்டன்களின் மேல்முகம் மட்டுமே தரையில் படும். வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தார் என்றால், நடுவில் பட்டன்கள் நெருக்கமாகவும் ஓரத்தில் தள்ளியும் இருக்கும் இருபயன் டயர்தான் பொருத்தம்.

பக்கச் சுவரில் 'நாட் ஃபார் ஹைவே சர்வீஸ்' என்றோ, அதன் சுருக்கமான 'என்ஹெச்எஸ்' என்றோ இருந்தால் அது சாலைக்கான டயர் அல்ல. மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) டயர்கள் பலவற்றில் இது இருக்கும்.

4. அளவு: அதிகம் தவறு நடக்கும் இடம்

120/80-18 என்பதில் 120 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 96 மில்லிமீட்டர். 18 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். 4.10-18 என்ற பழைய முறையில் 4.10 என்பது அங்குல அகலம். சுமார் 104 மில்லிமீட்டர்.

கடைசி எண்ணை மாற்றவே முடியாது. 18 அங்குல ரிம்முக்கு 18 அங்குல டயர்தான். எண்டியூரோ வண்டிகளின் பின் ரிம் 18, பெரிய மோட்டோகிராஸ் வண்டிகளில் 19, ஹிமாலயனில் 17. 17 அங்குலத்தில் உண்மையான பட்டன் டயர் வகைகள் குறைவு. அதனால்தான் மண் ஓட்டத்தில் தீவிரமாக இறங்கும் ஹிமாலயன்காரர்கள் சிலர் 18 அங்குல ரிம்முக்கே மாறிவிடுகிறார்கள்.

முழு விட்டத்தையும் கணக்கிட வேண்டும். ரிம் விட்டத்தோடு பக்கச் சுவரின் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 18 அங்குலம் 457 மில்லிமீட்டர்.

எக்ஸ்பல்ஸில் வரும் 120/80-18 டயரின் விட்டம் 649 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்படும் 120/90-18 எண்டியூரோ டயரின் விட்டம் 673. 24 மில்லிமீட்டர் கூடுகிறது. வண்டியின் பின்பக்கம் அதில் பாதி, 12 மில்லிமீட்டர், உயரும். விட்டம் 3.7 சதவீதம் கூடுவதால் கியரும் அந்த அளவு நீளமாகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 40 பல் என்று வைத்தால், ஒன்றரைப் பல்லைக் குறைத்ததற்குச் சமம். மெதுவாக ஏற வேண்டிய ஏற்றத்தில் கிளட்ச்சை அதிகம் நழுவவிட வேண்டியிருக்கும். டயரை மாற்றுபவர்கள் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியது இதனால்தான்.

இன்னொரு குழப்பம்: 110/100-18, 120/90-18, 140/80-18 மூன்றும் எண்ணில் தூரம், விட்டத்தில் 677, 673, 681 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எண்டியூரோ வண்டிக்கு இவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே விற்கப்படுகின்றன. அகலம் அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், எண்ணை மட்டும் நம்பாமல் கம்பெனி தரும் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள்.

இனி ரிம். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால், அடிப்பகுதி இறுக்கப்பட்டு மேற்பகுதி வளைவாகப் புடைக்கும். நடு வரிசை மட்டும் தரையில் படும். ஓரப் பட்டன்கள், வண்டி நன்றாகச் சாய்ந்தால் தவிர, தொடவே தொடாது. அகலத்துக்குக் கொடுத்த பணம் வீண். டயர் கம்பெனி தரும் ரிம் அகல வரம்புக்குள் உங்கள் ரிம் எண் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக இடைவெளி. மூன்று இடங்களில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்: ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும், செயினுக்கும் டயருக்கும் நடுவில், டயருக்கு முன்னால் உள்ள ஸ்விங் ஆர்ம் குறுக்குச் சட்டத்தில். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செயின் புதிதாக இருக்கும்போது ஆக்சில் முன்னால் நிற்கும். அப்போது உயரமான டயர் சட்டத்தில் உரசும். செயின் நீண்டு ஆக்சில் பின்னால் போன பிறகு அளந்தால் இது தெரியாது.

புது டயர் போட்ட பிறகும் ஒவ்வொரு இடத்திலும் 10 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். வேகத்தில் டயர் சற்று விரியும். கரிசல் ஒட்டும். பட்டனில் சிக்கிய கல் ஸ்விங் ஆர்மைச் சுரண்டிக்கொண்டே வரும். மட்கார்டின் உள்பக்கத்தையும், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே வரும் என்று மனதில் வைத்துப் பாருங்கள்.

5. பட்டன் அமைப்பு

இப்போது பட்டனைப் பார்க்கலாம். மென்மையான தரைக்கு உயரமான பட்டன், அகன்ற இடைவெளி. கடினத் தரைக்குக் குட்டையான, நெருக்கமான பட்டன். நடுத்தரத்துக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதிப்படி எண்டியூரோ போட்டிக்கான பின் டயரில் பட்டன் உயரம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது; எண்டியூரோ டயர்களில் 'எஃப்ஐஎம்' முத்திரை இருந்தால் இந்த அளவுக்குள் வருவது என்று அர்த்தம். நம் ஊர்க் கலவைப் பாதைக்கு இது போதுமான உயரம்.

ஓரப் பட்டன்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். சரிவில் குறுக்கே போகும்போதும் திருப்பத்திலும் வண்டியைத் தாங்குவது அவைதான். அடிப்பகுதி மெலிந்திருந்தால் பாறையில் கிழிந்து விழும்.

பாறையும் வேரும்தான் உங்கள் பாதை என்றால் ட்ரையல்ஸ் (பாறை போன்ற தடைகளை மெதுவாக ஏறிக் கடக்கும் போட்டி) வகை டயரையும் பரிசீலிக்கலாம். சிறு சிறு கட்டைகள், நெகிழும் பக்கச் சுவர், பெரும்பாலும் 4.00-18 அளவு. குறைந்த காற்றில் பாறையை அணைத்துக்கொண்டு ஏறும். ஆனால் சேற்றில் அடைத்துக்கொள்ளும், இறக்கத்தில் பின் பிரேக் பிடித்தால் பட்டன் டயர் அளவுக்குக் கவ்வாது. கனமான சாலைப் பதிவு வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 150 கிலோவைத் தாண்டிய வண்டி அந்த நெகிழ்ந்த சுவரின் மேல் ஆடும்.

6. ரப்பரும் டயர் உடலும்

ஒரே பட்டன் அமைப்பை இரண்டு மூன்று ரப்பர் கலவைகளில் விற்பார்கள். இரு பட்டன்களுக்கு நடுவே கட்டை விரலை வைத்துத் தள்ளினால் மென்மை தெரியும். 'கம்மி' என்று சொல்லப்படும் மிக மென்மையான ரப்பர், ஈரப் பாறையிலும் வேரிலும் கடினக் கலவையைவிடத் தெளிவாகப் பிடிக்கும்; தார்ச்சாலையில் கண்ணெதிரே கரையும். தார்ப் பங்கு உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

பக்கச் சுவரின் விறைப்பை வண்டி எடையோடு பொருத்திப் பாருங்கள். கனமான வண்டிக்கு மெல்லிய சுவர் என்றால், காற்றைக் குறைத்ததும் ரிம் கல்லில் அடிபடும். லேசான வண்டிக்கு விறைத்த சுவர் என்றால், காற்றைக் குறைத்தாலும் டயர் மடங்காது, பிடிமானம் கூடாது. டயர் எடையையும் விசாரியுங்கள். சக்கரத்தின் விளிம்பில் ஒரு கிலோ கூடினால் 200 சிசி வண்டியின் இழுவையில் அது உடனே தெரியும்.

7. உள்ளே என்ன போடுவது?

டயரை வாங்கும்போதே இதை முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு குறைந்த காற்றில் ஓட்ட முடியும் என்பது இதைப் பொறுத்தது.

மண் பாதைக்கு 3 மில்லிமீட்டர் கன ட்யூப் நல்ல தொடக்கம். 4 மில்லிமீட்டரும் உண்டு. கனமானது, பாறைக்கு ஏற்றது. பழைய ட்யூபையே புது டயரில் திணிக்காதீர்கள். பயன்படுத்திய ட்யூப் விரிந்திருக்கும். உள்ளே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பே பஞ்சராகும்.

மூஸ் என்ற நுரை வளையம் சுமார் 13 பிஎஸ்ஐக்குச் சமமாக நடந்துகொள்ளும்; பஞ்சர் என்ற பேச்சே இல்லை. சாலையில் தொடர் வேகத்தில் சூடாகிச் சிதையும் என்பதால் வேனில் ஏற்றிப் போகும் வண்டிக்கு மட்டும்.

ட்யூபோடு 15 பிஎஸ்ஐக்குக் கீழே போக நினைப்பவர்களுக்கு ரிம் லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் கட்டை) கட்டாயம். குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். ட்யூபும் கூடவே நகரும். வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. சாலை வண்டிகளில் ரிம் லாக்குக்கான துளை பெரும்பாலும் இருக்காது. ரிம் அகலத்துக்கு ஏற்ற லாக் வாங்கி, தெரிந்தவரிடம் துளை போடுங்கள்.

8. பணம் கொடுக்கும் முன் படிக்க வேண்டியவை

பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரத்தில் தயாரானது. வெளிநாட்டு டயர்கள் கிடங்கில் நெடுநாள் கிடந்து வருவதுண்டு. மென்மையான கலவை கிடந்தே இறுகிப்போகும். அதைத் தேடிக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சுமை எண்ணில் 62 என்றால் 265 கிலோ, 65 என்றால் 290 கிலோ. வேகக் குறியீட்டில் எம் என்றால் மணிக்கு 130 கிலோமீட்டர், ஆர் என்றால் 170. வண்டியோடு வந்த டயரின் எண்ணைவிடக் குறைந்ததை சாலை வண்டிக்கு வாங்காதீர்கள். அந்தச் சுமையும் முழுக் காற்றில்தான் செல்லும்.

முன், பின் என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். முன் டயரைப் பின்னால் போட்டால் எஞ்சின் இழுப்புக்கு அதன் பட்டன்கள் தாங்காது.

9. மாட்டும்போது

சுழற்சி அம்பு முன்னோக்கி இருக்க வேண்டும். சில டயர்களில் மென்தரைக்கு ஒரு திசை, கடினத் தரைக்கு ஒரு திசை என்று இரண்டு அம்பு இருக்கும். பக்கச் சுவரைப் படித்து முடிவு செய்யுங்கள்.

ட்யூபுக்கு டால்கம் பவுடர், டயர் விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர். ட்யூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று வையுங்கள். தட்டையான ட்யூப்தான் லீவரில் மாட்டிக் கிழியும். ரிம் லாக் போல்ட்டை உள்ளே தள்ளி, டயர் விளிம்பு லாக்குக்கு அடியில் போகும்படி செய்யுங்கள். ஒரு பக்கம் ஏறிய விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுங்கியிருந்தால் எதிர்ப்பக்கம் தானாகத் தளரும். முழங்காலால் அதை அழுத்திக்கொண்டே, லீவரில் சிறிது சிறிதாக எடுங்கள். லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் விளிம்பு பள்ளத்தில் இல்லை என்று பொருள். பலத்தைக் கூட்டாமல் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல் காற்றை ஏற்றி, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றுங்கள். கோடு சரியான பின்தான் ரிம் லாக்கை இறுக்க வேண்டும்.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். வால்வு மூடியோடு சேர்த்து மேலே விட்டுவிடுங்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். இறுக்கியிருந்தால் காட்டாது, பிய்ந்துவிடும்.

10. காற்று வைப்பது

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கன ட்யூபும் ரிம் லாக்கும் உள்ள எண்டியூரோ வண்டிக்கு 12–14 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். மணலிலும் சேற்றிலும் 10–12 வரை இறக்கலாம். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் எடைக்கு 18இல் தொடங்கி ஒவ்வொன்றாக 15 வரை இறக்கிப் பாருங்கள். ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

ரிம் கல்லில் 'டங்' என்று அடிபடும் சத்தம் கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பஞ்சரான ட்யூபில் இரண்டு வெட்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அது முள் அல்ல. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கியது. ஒட்டிவிட்டு அதே காற்றில் கிளம்பினால் மறுபடியும் அதேதான் நடக்கும்.

திரும்பித் தாருக்கு ஏறும் முன் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுங்கள். 15 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் உள்ளே சூடேறி உடல் நூல் பிரியும். கைப் பம்பு முதல் படியிலேயே பட்டியலில் வந்தது இதற்காகத்தான்.

முதல் ஓட்டம் முடிந்ததும் ரிம் லாக் நட்டு, ஸ்போக்ஸ் இறுக்கம், செயின் தொய்வு மூன்றையும் பாருங்கள். ஸ்விங் ஆர்மின் உள்பக்கம் புதிய கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் நான்காவது படிக்குத் திரும்ப வேண்டும்.

11. எப்போது திருப்புவது, எப்போது மாற்றுவது?

பின் டயரில் முதலில் மழுங்குவது, எஞ்சின் இழுக்கும்போது தரையைக் கவ்வும் நடு வரிசைப் பட்டன்களின் முனை. அம்பு இல்லாத டயராக இருந்தால் கழற்றித் திசை மாற்றிப் போடலாம். கூர்மையாக இருக்கும் மறுமுனை வேலைக்கு வரும்.

பட்டன் பாதி உயரத்துக்குத் தேய்ந்தால் சேற்றிலும் மணலிலும் அதன் வேலை முடிந்தது. இறுகிய தரையில் இன்னும் சில காலம் ஓடும். அடியில் விரிசல், பிய்ந்த ஓரப் பட்டன்கள், பக்கச் சுவரில் நூல் தெரியும் வெட்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உயரத்தைப் பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

புதிய பின் டயர் போடும் அன்று முன் டயரையும் பாருங்கள். பின்னால் கூர்மையான பட்டன், முன்னால் மழுங்கிய டயர் என்றால், திருப்பத்தில் த்ராட்டிலைத் திறந்ததும் பின் சக்கரம் முன்னதை வெளியே தள்ளும். முன் டயரின் ஓரப் பட்டன்கள் உருண்டு போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.